வாழ்த்துச் சொன்ன மிசின்

என் கணவருக்குக் கோழி நோய் வந்திருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தது ஒரு செல்போன். நோயின் பெயர், மருந்தின் நிறம், அதைக் குடிதண்ணீரில் எவ்வளவு கலக்க வேண்டும், எல்லாம் சொன்னது. அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஒரு முட்டைகூட இட்டதில்லை.

இந்தக் கதையை நான் முன்பு வேலை பார்த்த ஆய்வகத்துப் பிள்ளைகளிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டார்கள். "மேடம், வீட்ல சும்மாதானே இருக்கீங்க, எழுதிக் குடுங்க" என்றார்கள். சும்மா இருக்கிறேனாம். ஓய்வு பெற்ற பெண் வீட்டில் எப்படிச் சும்மா இருக்கிறாள் என்பதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அவர்களுடைய மேசைக்கும் ஏதோ புது மிசின் வரப்போகிறது என்று கேள்வி. நல்ல மிசினாகவே இருக்கட்டும். அது வந்து இறங்குவதற்குள் எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் பெயர் பிலோமினா. சேலம் சூரமங்கலத்தில் பிறந்து, அங்கேயே ரயில்வே குடியிருப்பில் வாழ்க்கைப்பட்டவள். சென்னையில் கால்நடை மருத்துவம் படித்தேன். படித்ததெல்லாம் மாட்டையும் குதிரையையும் பற்றி. வேலை கிடைத்தது கோழியிடம். நாமக்கல்லில் பண்ணைக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய சின்னக் கோழி நோய் ஆய்வகம் அது. காலையில் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் பினாயில் வாசனையோடு திரும்புவேன். எவ்வளவு கூட்டம் என்றாலும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். அந்தச் சௌகரியம் வேறு எந்த உத்தியோகத்திலும் கிடைக்காது.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் வேதாசலம். மெலிந்த ஆள், மெதுவான பேச்சு. மனிதர்களை வா, போ என்பார். மரியாதை எல்லாம் கோழிக்குத்தான். செத்த கோழியை மேசையில் கிடத்தியதும், "என்னம்மா, என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று அக்கறையாகக் கேட்பார். சேர்ந்த புதிதில் என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "லேசா தலைவலி சார்" என்று பதில் சொல்லியிருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. "நீ உசுரோடதானே இருக்கே, அப்புறம் பாக்கலாம்" என்று கத்தியைக் கேட்டார்.

அவருடைய முறை ஒருநாளும் மாறாது. செத்த கோழி இரண்டு, சீக்கான கோழி இரண்டு, அவை தின்ற தீவனத்தில் ஒரு பொட்டலம். இதில் ஒன்று குறைந்தாலும் பண்ணைக்காரரைத் திருப்பி அனுப்பிவிடுவார். முதலில் தீவனத்தை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்ப்பார். பிறகு கோழியை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுப்பார், இறகு பறக்காமல் இருக்க. மல்லாக்கப் போட்டு, இரண்டு தொடைகளையும் அழுத்தி மூட்டைக் கழற்றி, கோழி மேசையோடு படிந்து கிடக்கும்படி செய்வார். தோலை உரித்து, நெஞ்செலும்பைத் தூக்கியதும் எதையும் தொடாமல் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் அவசரப்பட்டுக் கத்தியைக் கொண்டுபோனால், "கைய எடு. கண்ணு மொதல்ல" என்பார். அதன்பிறகு கல்லீரல், மண்ணீரல், இரைப்பை, குடல், மூச்சுக்குழாய் என்று போகும். பண்ணைக்காரர் எதிரே நின்று அத்தனையையும் பார்க்க வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியவருக்கு மருந்துச் சீட்டு கிடையாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. இந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்குப் பாம்பைக் கண்டால்கூட அவ்வளவு பயமில்லை. அடுத்த பண்ணையில் செத்த கோழியைக் கண்டால்தான் பயம். நோய் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேரும் என்பது அவர்களுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டது. சம்பந்தி வந்தாலும் காலை மருந்துத் தண்ணீரில் நனைக்காமல், கோழிகள் அடைந்திருக்கும் செட்டுக்குள் விடமாட்டார்கள். எங்கள் ஆய்வகத்து வாசலில் ஆளுக்கு ஒரு மூலையில் செருப்பை விட்டுவிட்டு, ஒருவர் செருப்பை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருமுறை முத்துசாமி என்ற பெரிய பண்ணைக்காரர் கவனப்பிசகாக வேறொருவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். தோட்டத்து வாசலில் இறங்கியதும்தான் பார்த்திருக்கிறார். அங்கேயே கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டு, வெறுங்காலோடு ரோட்டுக் குழாயடிக்குப் போய்க் குளித்திருக்கிறார். செருப்புக்காரருக்குப் புதுச் செருப்பு வாங்கிக்கொடுத்தார். ஆனால் கொளுத்தியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றுவிட்டார். இதை நியாயமில்லை என்று செருப்புக்காரரே சொல்லவில்லை.

என்னிடம் வந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் பழனியம்மாள். மல்லசமுத்திரம் பக்கத்தில் இரண்டு செட்டு வைத்திருந்தார். வீட்டுக்காரர் லாரியோடு வடநாட்டில் இருப்பார். கோழி முழுக்க இந்த அம்மாள் பொறுப்பு. வேதாசலம் கேட்கிற சாமானை ஒன்றுகூட மறக்காமல் கொண்டுவருவார். மேசையருகே வந்து நின்று, "ஈரலைக் காட்டுங்க டாக்டரம்மா, பாத்துட்டுப் போறேன்" என்பார். தாயில்லாமல் அக்கா ராமாயி கையில் வளர்ந்தவர். எந்தப் பேச்சை எடுத்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் அக்கா வந்துவிடுவார். "எங்கக்கா சொல்லுமுங்க" என்று ஆரம்பித்தால் பஸ் போய்விடும்.

வேதாசலம் ஓய்வு பெற்றார், காலமானார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு நானும் ஓய்வு பெற்றேன். மாலை, பழத்தட்டு, சுவர்க்கடிகாரம் எல்லாம் முறையாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கணவருடைய குறட்டையைப் பகலிலும் கேட்கும் பாக்கியத்தைப் பெற்றேன்.

அந்தச் சமயத்தில்தான் கோகுல் போன் செய்தான். பழனியம்மாளுடைய அக்கா ராமாயியின் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, சேலத்துக்குத் திரும்பி அஸ்தம்பட்டியில் ஒரு கம்பெனி தொடங்கியிருந்தான். செல்போனை ஒரு நிமிடம் கோழிச் செட்டில் பிடித்தால் போதும், கோழி போடும் சத்தத்தை வைத்தே செயற்கை அறிவு நோயைச் சொல்லிவிடும் என்றான். என்னை ஆலோசகராகக் கூப்பிட்டான்.

போனேன். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவரில் ஆள் உயரக் கோழிப் படம். உட்கார நாற்காலி இல்லை; பஞ்சு மூட்டை போல ஒன்றைக் காட்டினான். உட்கார்ந்ததும் அது என்னை விழுங்கிவிட்டது. முழங்கால் முகவாயில் இடிக்க, அந்த நிலையில் இருந்துகொண்டு கேள்வி கேட்டேன்.

"எந்தச் சத்தம் எந்த நோய்னு மிசினுக்கு யார் தம்பி சொல்லிக் குடுத்தது?"

"அது டேட்டாவைப் பாத்துத் தானாக் கத்துக்கும் மேடம்."

"டேட்டா யாருகிட்ட வாங்கினே?"

"பண்ணைக்காரங்ககிட்ட."

"அது என்ன நோய்னு அவங்களுக்கு யார் சொன்னது?"

"எங்க மிசின்தான் மேடம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். எழுந்து வெளியே போகலாம் என்றால் அந்த மூட்டையிலிருந்து எழ முடியவில்லை. இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கினார்கள். சத்தத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அமைதியாக நின்று காது கொடுத்தால் கோழியின் தும்மலும் கரகரப்பும் எனக்கே கேட்கும். ஆனால் கேட்டதை அறுத்துப் பார்த்துச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்தக் கம்பெனியில் கோழியைத் தொட்ட ஆளே யாரும் இல்லை. "மொதல்ல வீட்ல வெச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். சந்தோஷமாக என் போனில் ஏற்றிக் கொடுத்தான்.

வீட்டில் ஏது கோழி? மத்தியானம் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கணவர் கட்டிலில் குறட்டையைத் தொடங்கியிருந்தார். போனை அவர் மூக்கருகில் பிடித்தேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, "நாள்பட்ட சுவாச நோய். நீல பாட்டில் பரிந்துரைக்கப்படுகிறது" என்று வந்தது. நீல பாட்டிலைக் கம்பெனியே வீட்டுக்கு அனுப்பும். மறுநாள் மிக்சியில் சட்னி அரைக்கும்போது பிடித்தேன். "மந்தையில் பதற்றம். மஞ்சள் பாட்டில்." ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எடுத்துப்போய்ப் பாடகர் குழு ஒத்திகையில் பிடித்தேன். அதற்கும் மஞ்சள் பாட்டில்தான். அந்த ஒரு முடிவு மட்டும் எனக்கு ஓரளவு சரியாகப் பட்டது.

கடைசியாகப் போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். எடுத்துப் பார்த்தால், "மந்தை அமைதியாக உள்ளது. வாழ்த்துகள்!" என்று பூங்கொத்துப் படத்தோடு வந்திருந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன். அதற்கு நான்கு நாள் கழித்துப் பழனியம்மாள் போன் செய்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"சும்மாதானுங்க கூப்புட்டேன். சௌக்கியமுங்களா? ஐயா சௌக்கியமுங்களா?" என்று சுற்றி வளைத்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க டாக்டரம்மா, கோழி சத்தமே போடாமச் சாகுமுங்களா?"

"என்ன ஆச்சு பழனியம்மா?"

"கொண்டை வெளுத்துப் போவுதுங்க. எரை எடுக்க மாட்டீங்குது. முட்டையுங் கொறஞ்சு போச்சு. இருமலுமில்லே, சளியுமில்லே. சும்மா உக்காந்த மேனிக்குச் சாயுதுங்க. தெனமும் கூடை கூடையா அள்ளிப் பொதைக்கறேன்."

"ஆய்வகத்துக்குக் கொண்டு போனீங்களா?"

"கோகுலு மிசினு இருக்குதுங்களே" என்றார். "தெனமும் காத்தால புடிச்சுப் பாக்கறேன். அமைதியா இருக்குது, வாழ்த்துகள்ங்குது. கோழி கொறையக் கொறைய வாழ்த்து மட்டும் தவறாம வருதுங்க."

உடனே இரண்டு கோழியை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடுங்கள் என்று கத்தினேன். அவர் போகமாட்டார் என்று குரலிலேயே தெரிந்தது. "எப்படீங்க போறது? அங்க நாலு பேரு உக்காந்திருப்பாங்க. கோகுலு சின்னம்மாளே மிசினை நம்பாமக் கோழியத் தூக்கிட்டு வந்துட்டாள்னு பொழுது சாயறதுக்குள்ள எங்கக்கா காதுக்குப் போயிரும். அடுத்த வாரம் மிசினு விக்கறதுக்குன்னு மண்டபத்துல கூட்டம் வெச்சிருக்கறான். என்னைய மொத வரிசையில உக்கார வெக்கறானாம். அக்கா ஆசைப்பட்டுக் கெடக்குது." நானே வந்து பார்க்கிறேன் என்றதற்கும், அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்று வேண்டாமென்றுவிட்டார்.

இதில்தான் எனக்கு ஆத்திரம். இந்தப் பக்கத்து ஆட்கள் முட்டாள்கள் இல்லை. குஞ்சு வாங்கினால் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காலைப் பார்ப்பார்கள். மக்காச்சோளம் வாங்கினால் மூட்டைக்குள் முழங்கை வரை விடுவார்கள். இந்த மிசினுக்கும் விசாரிக்காமல் இல்லை. பையன் யார், எந்த ஊர், தாத்தா எப்படி, தாய்மாமன் எப்படி, குலதெய்வக் கோயிலுக்கு வருகிறானா, வந்தால் பந்தியில் பரிமாறுகிறானா என்று அத்தனையும் விசாரித்தார்கள். எல்லாக் கேள்விக்கும் நல்ல பதில்தான் வந்தது. பையனைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டு, மிசினை அப்படியே கும்பிட்டு வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்கள்.

கூட்டத்துக்கு எனக்கும் அழைப்பு வந்திருந்தது. நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபம். வாசலில் பன்னீர், சந்தனம், கல்கண்டு. வந்தவர்களுக்கெல்லாம் மஞ்சள் பை. மண்டபம் நிறையப் பண்ணைக்காரர்கள். அன்றைக்கே சேர்ந்தால் சலுகை என்று பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் ராமாயி பட்டுச்சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பழனியம்மாள், மடியில் மஞ்சள் பை, தலை குனிந்தபடி. என் கணவரும் என்னோடு வந்திருந்தார். சாப்பாட்டுக்கு.

கோகுல் நன்றாகப் பேசினான். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும் எழுந்து மைக்கை வாங்கினேன். போனில் பதிவு செய்து வைத்திருந்த குறட்டையை அதில் வைத்தேன். மண்டபம் அதிர்ந்தது. "இது எங்க வீட்டுக்காரர். இவருக்கு உங்க மிசின் கோழிச் சளி நோய்னு சொல்லி நீல பாட்டில் எழுதிக் குடுத்திருக்குது" என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கணவர் நாற்காலியில் பாதியாகக் குறைந்துவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

முத்துசாமி எழுந்தார். அதே செருப்பு முத்துசாமிதான். "டாக்டரம்மா கோவிச்சுக்கக் கூடாது. ஐயாவுக்கு மூச்சுல கோளாறு இருக்குதுங்களா இல்லீங்களா?"

"குறட்டை இருக்குது" என்றேன்.

"அதைத்தானுங்களே மிசினு சொல்லுச்சு? மனுசனுக்கே கரெட்டாச் சொல்லிருக்குது பாருங்க!"

கோகுல் விடுவானா? "மனுசருக்கே கண்டுபிடிக்கற மிசின் கோழிக்குக் கண்டுபிடிக்காதா?" என்றான். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. ஒரு மிசினை விற்க இத்தனை அழகான விளம்பரத்தை நானே தயாரித்துக் கொடுப்பேன் என்று நினைக்கவில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"இப்ப எங்க மொதல் வாடிக்கையாளர், என்னோட சின்னம்மா, ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றான். ராமாயி தங்கையின் முதுகில் கை வைத்து, "போ சாமி, தைரியமாப் பேசு" என்றார். பழனியம்மாள் மஞ்சள் பையோடு மேடையேறினார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கக்கா மவன் தங்கமானவனுங்க. அவன் மிசினும் அப்படித்தான், ஒருநாளும் கெட்ட வார்த்தை சொல்லாதுங்க. தெனமும் காத்தால எனக்கு வாழ்த்துச் சொல்லுமுங்க. முந்தாநேத்து நாலு கூடை கோழி செத்துச்சு. அன்னைக்கும் சொல்லுச்சுங்க. இன்னைக்குக் காத்தாலயும் சொல்லுச்சு." பைக்குள் கைவிட்டு, இரட்டைப் பாலிதீன் உறை போட்டுக் கட்டிய வெள்ளைக் கோழி ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கினார். "இது அதுக்கப்புறம் செத்ததுங்க. டாக்டரம்மா வந்திருக்காங்க, அவங்க கொஞ்சம் பாக்கட்டுமுன்னு எடுத்தாந்தேன்."

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியவில்லை. முதல் வரிசை நாற்காலிகள் பின்னால் சாய்ந்தன. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆட்கள் கதவைப் பார்த்து ஓடினார்கள். இரண்டு பேர் ஜன்னல் வழியாக இறங்கினார்கள். முத்துசாமி செருப்பை மண்டபத்திலேயே விட்டுவிட்டு ஓடினார். இந்த முறை சொந்தச் செருப்பு. வெளியே கை கழுவும் குழாயடியில் கால் கழுவ அடிதடி நடந்தது. சாம்பாரும் கேசரியுமாகப் பந்தி கேட்பாரற்றுக் கிடந்தது.

"ஏனுங்க ஓடறீங்க?" என்று மைக்கில் பழனியம்மாள் உண்மையான திகைப்போடு கேட்டார். "மிசினுதான் நல்லா இருக்குதுங்குதே!"

மண்டபத்தில் மிஞ்சியவர்கள் ஐந்தே பேர். பழனியம்மாள் மேடையில். நான் என் இடத்தில். கோழி எதுவும் வளர்க்காத என் கணவர் பந்தியில். ராமாயி முதல் வரிசையில், அசையாமல். ஐந்தாவது ஆள் கோகுல். கோழி வெளியே வந்த கணத்தில் அந்த மண்டபத்தில் முதலில் குதித்தவன் அவன்தான். மேடையின் மறுகோடியில், அலங்கார நாற்காலியின்மேல் ஏறி நின்றான். என்னதான் பெங்களூரில் இருந்தாலும் பண்ணை வீட்டில் வளர்ந்த பிள்ளை அல்லவா?

ராமாயி அவனைப் பார்த்தார். கோபமே இல்லாமல் கேட்டார்.

"ஏஞ்சாமி குதிச்சே?"

அவன் மெதுவாக நாற்காலியிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தான். ராமாயி எழுந்து மேடைக்குப் போய், தங்கையின் கையிலிருந்த கோழியைப் பட்டுச்சேலைத் தலைப்பில் ஏந்தி வாங்கிக்கொண்டு, "எந்தப் பக்கமுங்க உங்க ஆய்வகம்?" என்று என்னிடம் கேட்டார்.

கோகுலின் காரிலேயே போனோம். ஆய்வகத்துப் பிள்ளைகள் கோட்டையும் கத்தியையும் என்னிடமே கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். மகன்தான் கோழியின் காலைப் பிடிக்க வேண்டும் என்று ராமாயி சொல்லிவிட்டார். பிடித்தான். நெஞ்செலும்பைத் தூக்கினேன். கல்லீரல் இருக்க வேண்டிய அளவைவிட வீங்கி, மஞ்சளாக வெளுத்து, விரல் பட்டதும் வெண்ணெய்போல் உடைந்தது. மூச்சுக்குழாய் சுத்தமாக இருந்தது. பழக்கம் மறக்காத பழனியம்மாள் மடியிலிருந்து தீவனப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்ததும் பூஞ்சை வாடை அடித்தது. மழையில் நனைந்து பூசணம் பூத்த மக்காச்சோளம். அந்தப் பூசணத்தின் நஞ்சு ஈரலைத் தின்னும். தொண்டைக்கு ஒன்றும் செய்யாது. செட்டு நாளுக்கு நாள் அமைதியானதற்கு அதுதான் காரணம். தொற்றும் நோய் இல்லை, மண்டபத்தில் யாருக்கும் ஆபத்தும் இல்லை. இருந்தாலும் கூட்டத்துக்குள் செத்த கோழியைக் கொண்டுவந்ததற்குப் பழனியம்மாள் என்னிடம் தனியாகத் திட்டு வாங்கினார்.

"மொதல்ல நெசமாத்தான் மேடம் செஞ்சோம்" என்றான் கோகுல், கோழிக் காலை விடாமல். "சத்தமெல்லாம் சேத்தோம். ஒண்ணும் சரியா வரலே. பணம் போட்டவங்க எப்ப, எப்பன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அதான் தற்காலிகமா, சத்தம் ஒரே சீரா வந்தா ஒரு பாட்டில், கூச்சலா இருந்தா ஒரு பாட்டில், சத்தமே இல்லைன்னா..."

"வாழ்த்து" என்றேன். எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. கையில் கத்தி இருந்ததால் பேசாமல் இருந்தேன். தெரியாமல் ஏமாந்தவனை மன்னிக்கலாம். இவன் சொந்தச் சின்னம்மா கோழியைக் கூடையில் அள்ளும்போது பூங்கொத்து அனுப்பியவன். அந்தக் கம்பெனி அதோடு இழுத்து மூடப்பட்டது. இப்போது வேறு யாரோ மாடு அசைபோடும் சத்தத்தைக் கேட்டுக் காய்ச்சலைச் சொல்கிறார்களாம். அதில் கோகுல் இல்லை என்று அவன் அம்மா கோயிலில் சத்தியம் செய்திருக்கிறார். முத்துசாமி அதில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி.

நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் ராமாயியின் குரல் கேட்டது.

"ஏன்டி, ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"நீ பேசாமப் போயிட்டீன்னா?" என்றார் பழனியம்மாள். "கோழி போனா வேற குஞ்சு உட்டுக்கலாம். அக்காளுக்கு நான் எங்க போறது?"

நங்கென்று பழனியம்மாள் தலையில் ஒரு குட்டு விழுந்தது. "அதுக்குன்னு ரெண்டு செட்டையும் சாகக் குடுப்பியா, கூறு கெட்டவளே!" என்றார் ராமாயி. அடுத்த நிமிடம் அவர்தான் அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. குழாயை மூடாமல் இன்னும் கொஞ்ச நேரம் கை கழுவினேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு செட்டிலும் தீவனத் தொட்டிகளைக் காலி செய்துவிட்டார்கள். அள்ளிக் கொட்டியது கோகுல். சின்னம்மா அவன் காலில் மருந்துத் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விட்டாராம். ஒரு செட்டில் பாதிக்கு மேல் போய்விட்டது, மற்றது தப்பித்தது.

பத்து நாள் கழித்துப் பழனியம்மாள் போன் செய்தார். "டாக்டரம்மா, இன்னைக்கு ஒண்ணுகூடச் சாகலீங்க" என்றார். கோழிகள் போட்ட கூச்சலில் அதற்குமேல் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. பின்னால் யாரோ அதட்டுவது மட்டும் கேட்டது.

"போனை வெச்சுட்டு வாடி, முட்டை பொறுக்கோணும்."

யார் என்று கேட்டேன்.

"அக்காங்க" என்றார். "அன்னைக்கு வந்தது, இன்னும் ஊட்டுக்குப் போகலீங்க."